மனிதர் எனில் அழி

நாரின் ஊரில், வெந்நீர்க் குழாய் முனகும் அறையில்,
குளிர்காலம் முழுக்க எனக்கு இதுதான் வேலை:
ஆளில்லா மலையில் கேமராக்கள்
தாமே எடுத்த படங்களைப் பிரிப்பது.

பதினோராயிரத்து நானூறு படங்கள்.
பத்தாயிரத்துக்கு மேல் புல்.
காற்றில் அசைந்ததை உயிரென்று நம்பி
விழித்து விழித்து எடுத்திருக்கிறது.
குறை சொல்ல மாட்டேன்.
படியில் காலடி கேட்டதாக நினைத்து
நானும் சில இரவுகள் எழுந்து உட்கார்ந்தவள்தான்.

பிறகு மலையாடுகள். பெரும்பாலும் கொம்பு மட்டும்.
ஒரு நரி வந்து லென்ஸை நக்கிப் போக,
அடுத்த நாற்பது படங்களில்
எச்சில் வழியே மலை.

சுவரில் ஒட்டியிருக்கிறது விதி:
சிறுத்தை எனில் தேதி குறி.
மனிதர் எனில் அழி.

ஏழாம் எண் கேமரா, கோக்-காயா பாறைக்குக் கீழே.
செப்டம்பர் ஒன்பது. ஒரு மேய்ப்பர் கடந்து போகிறார்.
நிற்கிறார். திரும்பி வருகிறார்.
பெட்டிக்குள் யாராவது இருக்கிறார்களா என்று
குனிந்து பார்க்கிறார்.
சட்டம் நிறைய மூக்கு.
அழித்தேன்.
அந்த மூக்கைத் திரும்பப் பெற இனி வழியில்லை.

செப்டம்பர் பதினாறு. அதே ஆள்.
வெள்ளைக் கம்பளித் தொப்பி,
கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு.
கல்மேல் உட்கார்ந்து, முழங்காலில் கைகளை ஊன்றி,
பாஸ்போர்ட்டுக்கு எடுப்பதுபோல் நேராக.
அழிக்கும் பொத்தான்மேல் என் விரல்.
தேநீர் ஆறிப்போனது.

அடுத்த வாரம் குதிரையை நிறுத்தினார்.
அதற்கடுத்த வாரம் மனைவியை;
அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்ள
காதுத் தொங்கட்டான் மட்டும் துல்லியமாக விழுந்திருக்கிறது.

அக்டோபர் நான்கு.
பாதி தின்னப்பட்ட ஆட்டைத் தூக்கி
கேமராவுக்கு நேரே பிடித்தார்.
ஒன்பது படங்கள். ஒன்பதிலும் கை நடுக்கம்.
இதை யாருக்குக் காட்டுகிறார்?
அறையில் என்னைத் தவிர ஆளில்லை.
ஈடுகொடுக்கும் அதிகாரம் எனக்கில்லை.
"மற்றவை" என்றொரு கோப்புறை திறந்து
அவரை, ஆட்டை, தொங்கட்டானை
எல்லாம் உள்ளே வைத்தேன்.

அதே இரவு, இரண்டு மணி பதினேழு நிமிடம்.
அவர் உட்காரும் அதே கல்லில்
அது.
நீள வாலைப் பாதத்தின்மேல் சுருட்டிப்போட்டு,
கல்லில் ஒட்டியிருந்த கோட்டு வாசனையை
முகர்ந்து,
பிறகு கன்னத்தைத் தேய்த்துத்
தன் வாசனையை அதன்மேல் பூசுகிறது.
வயிறு நிறைந்திருந்தது. தெரிகிறது.

அலுவலகம் கைதட்டியது.
தால்கார்பெக் ஓடிப்போய் கேக் வாங்கி வந்தார்.
நாட்காட்டியின் அட்டைக்கு அந்தப் படம்தான் என்றார்கள்.
நானும் ஒரு துண்டு தின்றேன்.
முந்தைய படத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மே மாதம் பேட்டரி மாற்ற மேலே போனபோது
தொப்பியும் கோட்டுமாக அவர் இருக்கும் படத்தை அச்சிட்டு,
பிளாஸ்டிக் உறையிலிட்டு,
கல்லுக்கடியில் செருகிவிட்டு வந்தேன்.
விதியில் இதற்கு இடமில்லை.

ஆகஸ்டில் வந்த மெமரி கார்டில்:
ஜூன் இரண்டு. உறையைப் பிரிக்கிறார்.
கையை நீட்டித் தள்ளிவைத்துப் பார்க்கிறார்.
வெயிலுக்குச் சாய்த்துப் பார்க்கிறார்.
சிரிக்கவில்லை.
படத்தை லென்ஸருகே கொண்டுவந்து
நகம் கறுத்த விரலால்
ஓரிடத்தைத் தட்டித் தட்டிக் காட்டுகிறார்.

பெரிதாக்கினேன்.
அட, ஆமாம்.
கண் மூடியிருக்கிறது.
ஒரு குளிர்காலம் முழுக்கப் பார்த்தும்
எனக்குப் படவில்லை.

பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு
கல்லில் அமர்கிறார்.
விழிகளை அகல விரித்து,
கண்ணோரம் நீர் கோத்தும் இமைக்காமல்,
பதினான்கு படங்கள்.

பின்னால் அவருடைய குதிரை
வேறெதையோ பார்த்துக்கொண்டிருக்கிறது.
புல் அசைகிறது.